ஹைட்ராலிக் லிஃப்ட்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

உழவு மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்லிவிடும் குடியானவர்கள் தமிழ்நாட்டில் இன்றும் பலர் இருக்கிறார்கள். மாடு இன்னும் எத்தனை பருவம் ஏரிழுக்கும், அதற்கு வைத்தியம் செய்வது தகுமா, அல்லது சந்தைக்கு ஓட்டிச் சென்று வேறு ஜோடி பிடிப்பது தகுமா என்பதைப் பிறர் யோசனையின்றியே அவர்கள் தீர்மானித்துக் கொள்வர். ஆனால் அதே குடியானவருடைய கொட்டகையில் நிற்கும் டிராக்டரின் ஹைட்ராலிக் லிஃப்ட் கலப்பையைத் தூக்க மறுத்துவிட்டால், தீர்மானிக்கும் பொறுப்பு அவர் கையைவிட்டு நழுவிவிடுகிறது. மெக்கானிக் ஒரு விதமாகச் சொல்லுகிறார்; உதிரிப்பாகக் கடைக்காரர் மற்றொரு விதமாகச் சொல்லுகிறார்; பக்கத்து வயல்காரர் தமக்கு நேர்ந்ததைச் சொல்லுகிறார். டிராக்டரின் சொந்தக்காரர் பணத்தைக் கொடுப்பவராக மட்டும் நின்றுவிடுகிறார்.

இதன் பயனாக இருவகைத் தவறுகள் நேருகின்றன. சிலர், பழைய யந்திரத்தை எப்படியாவது ஓட்டிவிட வேண்டுமென்ற எண்ணத்தினால் ஒரே லிஃப்டை ஆண்டுக்கு இரண்டு தடவை பிரித்துக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் செலவு சிறிதாகத் தோன்றுகிறது. மூன்று வருஷத்துக் கணக்கைக் கூட்டிப் பார்த்தாலோ அது புதியதன் விலையைத் தாண்டி நிற்கிறது. வேறு சிலர், அற்ப விலையுள்ள ரப்பர் வளையம் ஒன்று அறுந்ததற்காக முழு லிஃப்டையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குகிறார்கள். முதல் வகையார் சிக்கனமென்று நினைத்து நஷ்டமடைகிறார்கள். இரண்டாம் வகையார் பத்திரமென்று நினைத்து நஷ்டமடைகிறார்கள். இருவருக்கும் பொதுவான குறை ஒன்றே. கெட்டுப்போனது எது என்று தெரிந்துகொள்வதற்கு முன்னரே விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

இவ்விஷயத்தில் ஒரு சுலபமான முறையைக் கைக்கொள்ளலாம். தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட பாகம் தேய்ந்திருந்தால் பழுது பார்ப்பது உசிதம். அந்தப் பாகம் உராய்கின்ற உலோகம் கெட்டிருந்தால் மாற்றுவது உசிதம். பாரத்தைத் தாங்கும் பாகத்தில் விரிசல் கண்டால் அதை உடனே ஒதுக்கிவிட வேண்டும். அங்கே யோசனைக்கு இடமில்லை. ரூபாய்க் கணக்கு இவற்றுக்குப் பின்னரே வரவேண்டும். இம்முறைக்குரிய காரணங்கள் கீழே விவரிக்கப்படுகின்றன.

லிஃப்ட் வேலை செய்யும் விதம்

ஆதியில் டிராக்டருக்குப் பின்னால் கலப்பை தனிச் சக்கரங்களின் மேல் இழுத்துச் செல்லப்பட்டது. கலப்பையை டிராக்டருடன் மூன்று முனைகளில் இணைத்து, எண்ணெயின் அழுத்தத்தினால் தூக்கவும் இறக்கவும் செய்யும் ஏற்பாட்டை விருத்தி செய்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குஸன் என்பவர். அவருடைய முறைப்படி அமைந்த டிராக்டர்கள் 1936-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. 1939-ல் ஹென்றி போர்டுடன் சேர்ந்து அமெரிக்காவிலும், 1946 முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்திலும் அவை பெருவாரியாகச் செய்யப்பட்டன. இன்று தமிழ்நாட்டு வயல்களில் ஓடும் டிராக்டர்களும் இந்த மும்முனை இணைப்பையே உடையவை.

இதன் அடிப்படை பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட உண்மையாகும். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவுகிறது. ஜோஸப் பிராமா என்னும் ஆங்கிலேயர் இதைக்கொண்டு 1795-ல் நீரழுத்தப் பொறிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். டிராக்டரில் நீருக்குப் பதிலாக எண்ணெய் அவ்வேலையைச் செய்கிறது. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. கட்டுப்பாட்டு வால்வு அதைச் சிலிண்டருக்குள் விடுகிறது. சிலிண்டரிலுள்ள பிஸ்டன் நகர்ந்து லிஃப்டின் கைகளை உயர்த்துகிறது. எட்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய ஐம்பது சதுர சென்டிமீட்டர். அதன்மேல் சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்கு 150 கிலோ அழுத்தம் கிடைத்தால், பிஸ்டன் 7,500 கிலோ விசையுடன் தள்ளுகிறது. அது சிறிது தூரமே நகர்ந்து, கைகளின் நுனியை அதிக தூரம் தூக்குவதால், நுனியில் கிடைக்கும் தூக்குசக்தி அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

இவ்வளவு பெரிய அழுத்தத்தைச் சிலிண்டருக்குள் அடைத்து வைத்திருப்பது மெல்லிய ரப்பர் வளையங்களே. இவற்றைத்தான் சீல் என்றும் ஓ-ரிங் என்றும் பட்டறைகளில் சொல்லுகிறார்கள். எண்ணெய் பிஸ்டனைத் தூக்கத்தான் செய்கிறது. இறக்குவது கலப்பையின் சொந்தப் பாரம். ஆகவே தூக்கிய கலப்பை தானாக இறங்குமானால், எங்கோ ஓரிடத்தில் எண்ணெய் வழிவிட்டுக்கொண்டு போகிறதென்பது நிச்சயம். பெரும்பாலான டிராக்டர்களில் சிலிண்டர் உள்ளேயே அமைந்திருப்பதால் கசிந்த எண்ணெய் மீண்டும் தொட்டியிலேயே விழுகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. அளவுகோலிலும் குறைவு காணாது. எண்ணெய் குறையவில்லையாதலால் கசிவில்லை என்று சிலர் கருதுவது இதனால் தவறாகிறது.

பட்டறைக்குச் செல்லுமுன் சோதிக்க வேண்டியவை

லிஃப்ட் தூக்கவில்லை என்றவுடன் அதைப் பிரிப்பது தவறு. செலவில்லாத சோதனைகளை முதலிலும், செலவுள்ளவற்றைக் கடைசியிலும் செய்வதே முறை.

முதலாவது, எண்ணெய். அதன் அளவு, நிறம், வகை மூன்றையும் பார்க்க வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் ஜலம் கலந்திருக்கிறது. சேற்றுழவு செய்யும் டிராக்டர்களில் இது சகஜம். கேஜ் வீல் பூட்டி நாள் முழுவதும் சேற்றில் ஓடும் யந்திரத்தின் சீல்களில் சிறு பழுதிருந்தாலும் நீர் உள்ளே புகுந்துவிடும். எண்ணெய் நுரைத்து, பம்பு ஊளையிட்டால், உறிஞ்சும் குழாயின் வழியாகக் காற்று இழுக்கப்படுகிறது, அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது. அநேக டிராக்டர்களில் கியர்ப் பெட்டிக்கும் லிஃப்டுக்கும் எண்ணெய் ஒன்றே. எண்ணெயில் நனைந்த பிரேக்குகள் உள்ளவற்றில் பிரேக்குக்கும் அதுவே. எனவே கைக்குக் கிடைத்த எண்ணெயை ஊற்றுவது மூன்று பாகங்களையும் ஒருங்கே கெடுப்பதாகும். எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிய மாத்திரத்தில் குணமடைந்த லிஃப்டுகள் அநேகம்.

இரண்டாவது, பாரம். தயாரிப்பாளர் கூறும் தூக்குசக்தி இணைப்புக் கைகளின் நுனியில் அளக்கப்பட்டதா, நுனிக்குச் சற்றுப் பின்னால் அளக்கப்பட்டதா என்பதைக் கவனிக்க வேண்டும். கருவியின் பாரம் டிராக்டரைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு லிஃப்டுக்குக் கஷ்டம் அதிகம். சிறிய டிராக்டரில் பெரிய ரோட்டவேட்டரைப் பூட்டி, அது தூக்கவில்லையென்று லிஃப்டைக் குறை கூறுவதில் நியாயமில்லை. சில பட்டறைகளில், அழுத்தத்தை அளவு மீறாமல் காக்கும் வால்வில் வாஷர் வைத்து இறுக்கி, அழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கிறார்கள். அன்றைக்குக் கலப்பை மேலே எழும்பும்; பிறகு பம்போ, ஹோஸ் குழாயோ, சிலிண்டரோ வெடிக்கும். இவ்வழக்கத்தை அறவே கைவிடுதல் வேண்டும்.

மூன்றாவது, குறியைக் கொண்டு நோயை அறிதல். காலையில் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது நன்றாய்த் தூக்கி, மத்தியானத்தில் எண்ணெய் சூடேறியபின் தூக்க மறுக்கும் லிஃப்டில் பெரும்பாலும் பம்பு தேய்ந்திருக்கிறது. சூட்டினால் இளகிய எண்ணெய் தேய்ந்த இடைவெளிகளின் வழியே திரும்பிவிடுகிறது. எஞ்சினை நிறுத்தியவுடன் கலப்பை மெல்ல இறங்குமானால், பழுது சிலிண்டரின் சீலிலோ கட்டுப்பாட்டு வால்விலோ இருக்கிறது, பம்பின்மீது குற்றமில்லை. எஞ்சின் ஓடும்போது கலப்பை ஓயாமல் ஏறியும் இறங்கியும் தலையசைத்தால், அதுவும் இதே கசிவே; இறங்கிய அளவை வால்வு மீண்டும் மீண்டும் ஈடுசெய்கிறது. வெறுங்கையைத் தூக்கிப் பாரத்தைத் தூக்காத லிஃப்டில், காப்பு வால்வின் வில் தளர்ந்திருக்கலாம், அல்லது பம்பு அழுத்தம் கொடுக்காதிருக்கலாம்.

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னுமிடத்திலுள்ள மத்திய அரசாங்கப் பண்ணை யந்திர நிலையம் டிராக்டர்களைப் பரிசோதிக்கையில், தூக்கிய பாரம் அரைமணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் அளந்து குறிக்கிறது. இச்சோதனையைத் தம் களத்திலேயே எந்தக் குடியானவரும் செய்து பார்க்கலாம். வழக்கமாகப் பூட்டும் கருவியை முழு உயரத்துக்குத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, தரையிலிருந்து அதன் உயரத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்துவர வேண்டும். அந்த அரைமணியில் கருவியின் கீழே யாரும் கையையோ காலையோ நீட்டலாகாது. சிறிதளவு இறங்குதல் இயல்பே. ஆனால் சென்ற வருஷத்து அளவையும் இவ்வருஷத்து அளவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பவருக்கு, லிஃப்ட் எவ்வளவு வேகமாகத் தளர்ந்து வருகிறதென்பது கண்ணாடிபோல் விளங்கும்.

ரப்பரும் இரும்பும்

இச்சோதனைகளுக்குப் பிறகு லிஃப்டைப் பிரிக்க நேர்ந்தால், பிரித்தபின் பார்க்க வேண்டியது அறுந்த சீலை அன்று; அந்தச் சீல் உராய்ந்த உலோகப் பரப்பையே. ஒரு சீலின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அது ஓடும் பாதை. சிலிண்டரின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் புதிய சீல் பல வருஷம் உழைக்கும். அதில் நகம் தட்டும்படியான கீறல் இருந்தால், எவ்வளவு உயர்ந்த சீலைப் போட்டாலும் அக்கீறல் அதை அரம்போல் அராவி, ஒரு பருவத்துக்குள் தின்றுவிடும். ஆண்டுக்கு இரண்டு தடவை சீல் மாற்றும் குடியானவர் உண்மையில் பழுதை மாற்றவில்லை. அதற்குத் தீனி போட்டு வருகிறார்.

ஆகவே, உலோகம் நன்றாயிருக்கும் இடத்தில் சீல்களை மாற்றி அதே லிஃப்டை ஓட்டுவதில் யாதொரு குறைவுமில்லை. ஆனால் பிரித்த சமயத்தில் அறுந்த ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை விட்டுவிடுவது சரியன்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழமொழி. சீலின் விலை சொற்பம். இருக்கையைக் கழற்றி, மேல்மூடியை இறக்கிப் பிரித்துக் கட்டும் கூலியே பெரிது. ஒரே கூலியில் எல்லாச் சீல்களையும் மாற்றிவிடுதல் லாபகரமானது.

சிலிண்டரில் மெல்லிய கோடுகள் மட்டும் இருந்தால் தேர்ந்த லேத் பட்டறையில் தேய்த்து மெருகேற்றிக் கொள்ளலாம். ஆழமான கீறலும் துருக்குழியும் இருந்தால் சிலிண்டரையும் பிஸ்டனையும் மாற்றுவதே வழி. இங்கும் முழு லிஃப்டையும் மாற்ற வேண்டுமென்பதில்லை. தனிப்பாகம் கிடைக்குமானால் அதுவே போதும். டிப்பர் டிரெய்லரின் ஜாக்கியில், குரோமியப் பூச்சுள்ள ராடு வெளியே நின்று வெயிலிலும் மழையிலும் அடிபடுகிறது. அதன் பூச்சு உரிந்து குழி விழுந்திருந்தால் மறுபடி பூச்சுக் கொடுத்துச் சாணை பிடிக்கலாம். வளைந்திருந்தால் நிமிர்த்திப் பயன்படுத்தலாகாது. கண்ணுக்கு நேராய்த் தோன்றும் ராடும் சீலை ஒரு பக்கமாக நெருக்கும்; பாரத்தின் கீழ் அது மீண்டும் வளையும்.

பம்பின் விஷயம் வேறு. பம்பின் அச்சில் உள்ள வெளிச்சீல் கசிந்தால் அதை மாற்றுவது எளிது. கியர் பம்பின் உட்கூடும் பற்களும் தேய்ந்துவிட்டாலோ, அதைச் சீராக்கும் முயற்சி பெரும்பாலும் பயன்படுவதில்லை. புதிய பம்பே வாங்க வேண்டும். ஆனால் புதிய பம்பு பூட்டுமுன் தொட்டியையும் குழாய்களையும் வடிகட்டியையும் நன்றாய்க் கழுவுதல் மிகவும் அவசியம். தேய்ந்த பம்பு உதிர்த்த இரும்புத்தூள் எண்ணெயில் மிதந்து கிடக்கும். அதைக் களையாமல் புதியதைப் பூட்டினால், பழைய பம்பு பத்து வருஷத்தில் அடைந்த கதியைப் புதிய பம்பு சில மாதங்களில் அடையும். புதிய பம்பும் மோசம் என்று கடைக்காரரோடு வழக்கிடுபவர்களில் சிலருக்காவது உண்மைக் காரணம் தங்கள் எண்ணெய்த் தொட்டியிலேயே இருக்கிறது.

டிப்பர் டிரெய்லரை இரவல் கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் இதையொட்டி மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் ஜாக்கி டிராக்டரின் எண்ணெயையே வாங்கி உயருகிறது. இறங்கும்போது திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே ஒரு டிராக்டரின் அழுக்கு ஜாக்கியின் வழியாக மற்றொன்றுக்குச் செல்லும். ஜாக்கி பெரிதாயும் டிராக்டரின் எண்ணெய் குறைவாயும் இருந்தால், டிரெய்லர் உயர்ந்து நிற்கும் நேரத்தில் கியர்ப் பெட்டி எண்ணெயின்றி ஓடும்.

ரூபாய்க் கணக்கு

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். பழுது பார்க்கும் கூலியையும் புதியதன் விலையையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது கணக்காகாது. ஒவ்வொன்றையும் அது உழைக்கும் வருஷங்களால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

உதாரணமாக, சீல்கள், எண்ணெய், வடிகட்டி, கூலி எல்லாம் சேர்ந்து பழுது பார்க்க 9,000 ரூபாயும், புதிய லிஃப்டுக்கு 40,000 ரூபாயும் ஆவதாக வைத்துக்கொள்வோர், உலோகம் நல்ல நிலையில் இருக்கும் ஒரு லிஃப்டை முதலில் எண்ணிப் பார்க்கட்டும். பழுது பார்த்தபின் அது மூன்று வருஷம் உழைத்தால் வருஷச் செலவு 3,000 ரூபாய். புதியது பத்து வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 4,000 ரூபாய். அன்றியும் 40,000 ரூபாய் முதலுக்கு நூற்றுக்கு ஒன்பது வட்டி வைத்தால் முதல் வருஷம் மட்டும் 3,600 ரூபாய். பழுது பார்ப்பதே லாபமென்பது தெளிவு. அடுத்தபடியாக, சிலிண்டர் கீறிய லிஃப்ட். அதே 9,000 ரூபாய்ச் செலவு ஒரே பருவத்தில் வீணாகி, வருஷத்துக்கு இரண்டு தடவை வருமானால் 18,000 ரூபாய் ஆகிறது. புதியதன் பங்கு, வட்டியுடன் சேர்ந்தும் 7,600 ரூபாயைத் தாண்டவில்லை. மாற்றுவதே லாபம். விலைகள் இரண்டிலும் ஒன்றே. முடிவு மட்டும் தலைகீழாக மாறிவிட்டது. மாற்றியது இரும்பின் நிலை ஒன்றே.

இக்கணக்கில் எழுதப்படாமல் போகும் செலவு வேறொன்றுண்டு. அது டிராக்டர் நிற்கும் நாள். ரோட்டவேட்டர் உழவுக்கு மணிக்கு 1,000 ரூபாய் வாடகை பெறுபவர், பருவ நாட்களில் நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் நான்கு நாள் வேலையை இழந்தால் 32,000 ரூபாய் வரவு போயிற்று. டீஸலும் கூலியும் போகப் பாதியே மிஞ்சும் என்றாலும், நஷ்டம் 16,000 ரூபாய். அது பழுது பார்க்கும் செலவைவிட அதிகம். சொந்த நிலத்துக்கு மட்டும் டிராக்டர் வைத்திருப்பவருக்கு இந்நஷ்டம் ரூபாயில் தெரியாது. நாற்று முற்றிப்போவதிலும் நடவு தாமதிப்பதிலும் தெரியும்.

ஆகையால் எப்போது தீர்மானிப்பது என்பது எதைத் தீர்மானிப்பது என்பதைப் போலவே முக்கியமானது. காவிரிப் பாசனப் பகுதிகளில் மேட்டூர் அணை ஜூன் 12-ந் தேதி திறக்கப்படுவது வழக்கம். தண்ணீர் வாய்க்காலில் வந்தபின் லிஃப்ட் நின்றுவிட்டால், குடியானவருக்குத் தெரிவு என்பதே கிடையாது. மெக்கானிக் சொன்னதைக் கேட்டு, கடையில் கிடைத்ததை வாங்கிப் பூட்டவேண்டியதுதான். மேற்சொன்ன அரைமணிச் சோதனையைச் சித்திரை மாதத்தில் செய்பவருக்கு விலை விசாரிக்கவும், இரண்டு பட்டறைகளில் யோசனை கேட்கவும், பாகம் வெளியூரிலிருந்து வரக் காத்திருக்கவும் அவகாசம் உண்டு. மானாவாரி நிலத்தாருக்கு ஆடிப்பட்டத்துக்கு முன்னுள்ள கோடை நாட்கள் இதே பயனைத் தரும்.

கணக்குக்கு உட்படாதவை

சில பழுதுகளில் ரூபாய்க் கணக்கையே எடுக்கலாகாது. விரிசல் கண்ட லிஃப்ட் கை, இணைப்புத் தண்டு, வார்ப்புக் கூடு, சிலிண்டர் ஆகியவற்றைப் பற்றவைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். பாரம் தாங்கும் எஃகு உரிய முறையில் பதப்படுத்தப்பட்டது. பற்றவைக்கும் சூட்டினால் அப்பதம் கெடுகிறது. விரிசல் மூடினாற்போல் வெளியே தோன்றும். அதன் பக்கத்திலேயே மறு விரிசல் பிறக்கும். பட்டறையில் வெல்டிங் பிடித்துத் தருகிறேன் என்று சொல்பவர் கலப்பையின் கீழே படுக்கப் போவதில்லை. படுப்பவர் பெரும்பாலும் கூலிக்கு ஓட்டும் டிரைவர். பழுது பார்ப்பதா மாற்றுவதா என்னும் விவாதத்தில் அவருடைய யோசனையை யாரும் கேட்பதில்லை. ஆயினும் தீர்மானம் தவறினால் முதலில் நசுங்குவது அவருடைய உடம்பே.

ஹோஸ் குழாய்களையும் இவ்வகையில் சேர்க்க வேண்டும். மேலுறை வெடித்தோ, உள்ளிருக்கும் கம்பிப் பின்னல் வெளியே தெரிந்தோ, ஓரிடம் உப்பியோ இருந்தால் ஒட்டும் துணி சுற்றுவதில் பயனில்லை; குழாயை மாற்ற வேண்டும். ஊசித்துவாரக் கசிவைக் கையால் தடவிப் பார்க்கும் வழக்கம் மிக அபாயமானது. அவ்வழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். காயம் கொசுக்கடிபோல் சிறிதாய்த் தோன்றும். வலியும் முதலில் குறைவாகவே இருக்கும். மணிக்கணக்கில் சதை அழுகத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் மஞ்சளும் மருந்தும் பூசிக் காத்திராமல், உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குச் சென்று எண்ணெய் உள்ளே புகுந்ததைச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதுமானது.

உயர்த்திய டிப்பரின் கீழோ கலப்பையின் கீழோ வேலை செய்யுமுன், எண்ணெயை நம்பாமல் உறுதியான இரும்புத் தாங்கு கொடுக்க வேண்டும். புதிதாய் வாங்கிய லிஃப்டுக்கும் இவ்விதி பொருந்தும்.

எதிர் அபிப்பிராயங்கள்

எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடுவதே நல்லதென்று கூறுவோரின் வாதத்திலும் உண்மை உண்டு. மிகப் பழைய மாதிரிகளுக்கு அசல் பாகம் கிடைப்பது நாளுக்கு நாள் அருமையாகிறது. போலிச் சீல்களும் போலிப் பம்புகளும் கடைகளில் நடமாடுகின்றன. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் டிராக்டர்களுக்குச் சரக்கு சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், டிராக்டர் ஹைட்ராலிக் பம்புகளுக்கும் பல டிராக்டர்ப் பாகங்களுக்கும் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. புதியது வாங்குவதற்கு இது அனுகூலமே. ஆனால் பழுது பார்க்க வாங்கும் பாகத்துக்கும் அதே வரிக்குறைப்பு கிடைத்திருப்பதை மறக்கலாகாது. வரி குறைந்ததற்காக, நல்ல இரும்பைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

காயலான் கடையிலிருந்து கழற்றிய பாகத்தை வாங்கிப் பூட்டலாமே என்பார் சிலர். விரிசலில்லாத கூடு, மூடி போன்று கண்ணால் பார்த்து நிச்சயிக்கக் கூடியவற்றை அவ்வாறு வாங்குவதில் பிழையில்லை. பம்பு, வால்வு, ஹோஸ் ஆகியவற்றின் தேய்மானம் வெளியே தெரியாது. அவற்றைப் பழையதாக வாங்குவது ஒருவருடைய பழுதை விலைகொடுத்து மற்றொருவர் ஏற்பதாகும்.

இனி, வருஷத்தில் சில நாள் மட்டும் உபயோகப்படும் தூக்கு யந்திரங்களைச் சொந்தமாய் வைத்திருக்கத்தான் வேண்டுமா என்பதையும் யோசிக்கலாம். தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களையும் மண் தள்ளும் யந்திரங்களையும் வாடகைக்குக் கொடுத்து வருகிறது. முன்புறம் மண்ணள்ளும் தொட்டி பூட்டிய பழைய டிராக்டர் ஒன்று வருஷத்தில் பத்து நாளே ஓடுமானால், அதைப் பழுது பார்ப்பதைவிடவும் மாற்றுவதைவிடவும், தேவையான பத்து நாளைக்கு வாடகை கொடுப்பது மலிவாகலாம். நின்றுகொண்டேயிருக்கும் யந்திரத்திலும் சீல்கள் காய்ந்து வெடிக்கவே செய்யும்.

செய்யத்தக்கது

மெக்கானிக்குகளை நம்பலாகாதென்பது இதன் கருத்தன்று. கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் கைத்திறமை மிகுந்த மெக்கானிக்குகள் பலர் இருக்கிறார்கள். அவர்களால்தான் பழைய டிராக்டர்கள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் அத்தகைய மெக்கானிக்குக்கும், லிஃப்ட் எப்போது எப்படிக் கெட்டது, சூட்டிலா குளிரிலா, எஞ்சின் ஓடும்போதா நின்றபோதா என்று தெளிவாகச் சொல்லும் குடியானவரே சிறந்த உதவி. பிரிக்கும்போது உடனிருந்து சிலிண்டரின் உட்புறத்தைத் தாமே விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தேதி, ஓடிய மணிக்கணக்கு, மாற்றிய பாகம், ஆன செலவு ஆகிய நான்கையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். அழுத்தமானி ஒன்றைப் பத்துப் பேர் சேர்ந்து வாங்கி ஊருக்குப் பொதுவாக வைத்துக்கொண்டால், பம்பு கெட்டதா இல்லையா என்ற சந்தேகம், பம்பைக் கழற்றாமலே தீர்ந்துவிடும். டிராக்டருடன் வந்த கைப்புத்தகத்தில் உரிய அழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும்.

இவையொன்றும் பெருஞ்செலவு பிடிப்பனவல்ல. ஒரு குச்சி, ஒரு நோட்டுப் புத்தகம், சித்திரையில் ஓர் அரைமணி நேரம் ஆகியவையே வேண்டியவை. இவற்றைக் கைக்கொள்ளும் குடியானவர் பழுது பார்த்தாலும் மாற்றினாலும் காரணம் தெரிந்தே செய்வார். அவருடைய பணமும் பருவமும், அவரிடம் வேலை செய்பவரின் கைகால்களும் சேதமின்றி நிற்கும்.